அண்ணா நகர் போகுமுன்

அம்பத்தூரிலிருந்து பாடி வழியாக அண்ணா நகர் ஒன்றும் தூரமில்லை. ஆனால் 2022-லிருந்து நாங்கள் ஆவடி போலீஸ் கமிஷனர் எல்லை. அண்ணா நகரோ சென்னை போலீஸ். சென்னையில் வண்டிகளில் போலீஸ், பிரஸ், டாக்டர் என்று இஷ்டத்துக்கு ஒட்டியிருந்தால் 500 ரூபாய் அபராதம் என்று 2024 மே 2-ல் ஆரம்பித்தார்கள். எங்கள் பழைய மாருதியின் பின்னால், காலஞ்சென்ற என் மாமனார் எழுத்தெழுத்தாக ஒட்டிய 'டாக்டர்'! மறுநாள் குழந்தைக்குத் தட்டம்மை ஊசி, அண்ணா நகரில்.

"இருக்கட்டுமேம்மா, அவர் கையால ஒட்டினது" என்றார் அத்தை.

"மாமா இருந்தா அவரே எடுத்திருப்பார், அத்தை."

பதில் இல்லை.

பிளேடு மட்டும் வைத்துவிடாதீர்கள், பெயிண்ட் போய்விடும். வெந்நீரில் பிழிந்த துணியைப் பத்து நிமிஷம் போட்டு வைத்தேன். சூட்டில் பசை இளகும். ஓரத்தை நகத்தால் கிளப்பி மெள்ள இழுத்தேன். மிச்சப் பிசுக்குக்குத் தேங்காயெண்ணெய். ஊறியபின் சோப்புத் தண்ணீர். கடைசி எழுத்தை அத்தையே வந்து உரித்தார்.

வெயில் படாத இடத்தில் பெயிண்ட் வெளுக்கவில்லை. 'டாக்டர்' என்று இன்னும் படிக்க முடிகிறது. பாலிஷ் போட்டால் அதுவும் மங்குமாம். நான் அத்தையிடம் சொல்லவில்லை.