அது அவர் குரல் இல்லைம்மா

சென்ற ஆண்டு வானொலியில் நான் ஒரு தவறு செய்தேன். ஞாயிறு இரவு, பழைய பாடல்கள் நிகழ்ச்சி. 'கர்ணன்' படப் பாடல் ஒன்றைப் போடுவதற்கு முன் வழக்கம்போல் இரண்டு வரி பேசினேன். "1964 பொங்கலுக்கு வந்த படம். சிவாஜியின் சிம்மக் குரலுக்கு ஈடுகொடுத்து நின்றது, கிருஷ்ணராக வந்த என்.டி. ராமராவின் கணீர்க் குரல்!" என்று நீட்டி முழக்கிவிட்டேன்.

பாட்டு முடிவதற்குள் தொலைபேசி ஒலித்தது. ஒரு பெரியவர். கோபம் இல்லை, மெதுவாகத்தான் சொன்னார்.

"அது அவர் குரல் இல்லைம்மா. முகம் மட்டும்தான் அவருது. தமிழில் அவருக்குக் குரல் கொடுத்தவர் கே.வி. சீனிவாசன்."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். நடிகர் நடிகையரின் பெயரைத் தப்பாகச் சொன்னால்கூட மன்னிப்பு உண்டு. குரலை வைத்தே பிழைக்கிற ஒருத்தி குரலையே மாற்றிச் சொன்னால் எப்படி? நன்றி சொல்லிவிட்டு எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டேன். செராஸ், ஒன்பதாங்கட்டை என்றார். நானும் செராஸ்தான். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இடையே இரண்டே எம்ஆர்டி நிலையங்கள். "ஒருநாள் தே குடிக்க வாம்மா, அவர் குரல் எது என்று காட்டுகிறேன்" என்றார்.

இரண்டு வாரம் கழித்துப் போனேன். தாமான் சன்டெக்ஸ் நிலையத்தில் இறங்கிப் பத்து நிமிட நடை. வாசலில் கருவேப்பிலை மரம், கூண்டில் ஒரு கிளி. அங்கிள் ஓய்வு பெற்ற ஆசிரியர். தமிழ்ப்பள்ளியில் முப்பது ஆண்டுக்கு மேல் தமிழ் கற்பித்தவர். என் உச்சரிப்பில் இரண்டு இடம் திருத்தினார். மூன்றாவது முறை திருத்தும்போதுதான், ஆன்டியோடு அடுப்படியில் அவர் பேசிய மொழி தமிழ் இல்லை என்பது எனக்கு உறைத்தது.

அவர்கள் தெலுங்கர்கள். பாகான் டத்தோ பக்கம் தென்னந்தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். "இங்கே எல்லாரும் என்னைத் தமிழர் என்றுதான் நினைப்பார்கள். நானும் இல்லை என்று சொல்வதில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?" என்று சிரித்தார். பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வரும், தமிழ் வரும். தெலுங்கில் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்ற அளவோடு சரி.

பூஜை அறையில் முருகன், லட்சுமி, திருப்பதிப் பெருமாள் படங்களோடு ஒரு கிருஷ்ணர். மங்கிப்போன காலண்டர் படம். உற்றுப் பார்த்தால் அது என்.டி.ஆர். அங்கிளின் அப்பா வைத்தது. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்ட காலத்தில், அந்த முகம் திரையில் வந்ததும் அப்பா கையெடுத்துக் கும்பிடுவாராம்.

இதுதான் எனக்கும் தெரிந்த என்.டி.ஆர். 'மாயா பஜார்' கிருஷ்ணர், 'லவகுசா' ராமர், 'கர்ணன்' கிருஷ்ணர். ஊடகவியல் படித்தபோது ஒரு பாடத்தில் "கடவுள் வேடம் போட்டார், மக்கள் கடவுள் என்று நம்பி ஓட்டுப் போட்டார்கள்" என்று ஒரே வாக்கியத்தில் அவரைக் கடந்து போயிருக்கிறோம். பரீட்சைக்கு அது போதுமானதாக இருந்தது. அங்கிளுக்குப் போதவில்லை.

"கடவுளாக இருந்தவர் இல்லைம்மா, பத்திரப்பதிவு அலுவலகத்தில் இருந்தவர்" என்று ஆரம்பித்தார்.

கிருஷ்ணா மாவட்டத்து நிம்மகூரு என்ற சிற்றூரில் 1923 மே 28 அன்று பிறந்தவர் நந்தமூரி தாரக ராமாராவ். விவசாயக் குடும்பம். படித்து முடித்துச் சார்பதிவாளர் வேலை. நிலையான அரசாங்கச் சம்பளம். சில வாரங்களிலேயே விட்டுவிட்டு நடிக்க மதராசுக்கு வந்துவிட்டார். 1949இல் எல்.வி. பிரசாத் இயக்கிய 'மன தேசம்' முதல் படம். 1951இல் 'பாதாள பைரவி' அவரை நட்சத்திரமாக்கியது.

அப்போது தெலுங்குப் படங்கள் பிறந்ததே மதராசில்தான். ஒரே அரங்கம், ஒரே இயக்குநர், இரண்டு மொழிப் படம். 'மாயா பஜார்' 1957இல் அப்படி வந்தது. தெலுங்கில் அபிமன்யு நாகேஸ்வர ராவ், தமிழில் ஜெமினி கணேசன். கிருஷ்ணர் மட்டும் இரண்டிலும் ராமாராவ். வேடிக்கை என்னவென்றால், அந்த வேடத்துக்கு அவர் தயங்கியிருக்கிறார். அதற்கு முன் ஒரு படத்தில் கிருஷ்ணராகச் சிறிது நேரம் தோன்றி, ரசிகர்களுக்குப் பிடிக்காமல் போயிருந்தது. இயக்குநர் கே.வி. ரெட்டிதான் விடாமல் சம்மதிக்க வைத்தார். இத்தனை பூஜை அறைகளில் தொங்கும் அந்தப் புன்னகை, வேண்டாம் என்று ஒதுங்கப் பார்த்தவரின் புன்னகை.

தே வந்தது, கூடவே மசால்வடை. அங்கிள் மடிக்கணினியைத் திறந்தார். 'தான வீர சூர கர்ணா'. 1977 பொங்கலுக்கு வந்த படம். ஏறக்குறைய நான்கு மணி நேரம். தயாரித்து இயக்கியதோடு கர்ணன், துரியோதனன், கிருஷ்ணர் என்று மூன்று வேடமும் அவரே. 'கர்ணனில்' இரவல் குரலில் பேசிய மனிதர், தன் மொழியில் மூன்று பேருக்கும் தன் குரலையே கொடுத்திருக்கிறார். வசனம் கொண்டவீட்டி வெங்கடகவி. கர்ணனின் குலம் என்ன என்று பெரியவர்கள் கேட்கும் அரங்கேற்றக் காட்சி. துரியோதனன் எழுந்து, அப்படியானால் உங்கள் குலம் என்ன, இந்த முனிவரின் பிறப்பு எப்படி, அவருடைய பிறப்பு எப்படி என்று அடுக்கிக்கொண்டே போகிறான்.

எனக்குத் தெலுங்கு தெரியாது. ஆனால் மூச்சு தெரியும். அறிவிப்பாளர்களுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது, வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்காதே என்பதுதான். மூச்சு தீரும்போது குரல் இறங்கிவிடும். எனக்கு இன்றுவரை இறங்குகிறது. இந்த மனிதர் இவ்வளவு நீளமான சமஸ்கிருதத் தொடர்களைப் பேசி, கடைசிச் சொல்லில் இன்னும் ஒரு படி ஏறுகிறார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை கேட்டேன். படம் பார்ப்பது போலில்லை, பொதுக்கூட்டம் கேட்பது போல் இருந்தது.

"இப்போது தெரிகிறதா? அந்த வண்டியில் ஏறி நின்று பேசியது கிருஷ்ணர் இல்லை. இந்தக் குரல்" என்றார் அங்கிள்.

அந்த வண்டியின் பெயர் சைதன்ய ரதம். பழைய செவர்லே வேன் ஒன்றை மாற்றிக் கட்டியது. 1982 மார்ச் 29 அன்று ஹைதராபாத்தில் தெலுங்கு தேசம் கட்சியை அறிவித்தபோது ராமாராவுக்கு 58 வயது. காக்கி உடுப்பு போட்டுக்கொண்டு புறப்பட்டார். மகன் ஹரிகிருஷ்ணா ஓட்டினார். ஊர் ஊராக, சாலையோரமே குளியலும் சாப்பாடும். பேசியது பெரும்பாலும் ஒரே விஷயம்: தெலுங்கரின் தன்மானம்.

தன்மானம் என்பது மேடைக்காகச் செய்த சொல் இல்லை. அதே ஆண்டு பிப்ரவரியில், அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ராஜீவ் காந்தி, பேகம்பேட்டை விமான நிலையத்தில் வரவேற்க வந்திருந்த முதலமைச்சர் அஞ்சையாவை எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். அது ஆந்திராவில் ஆறாத புண்ணாகிவிட்டது. 1978இலிருந்து 1983க்குள் காங்கிரஸ் அங்கே நான்கு முதலமைச்சர்களை மாற்றியிருந்தது. முடிவு எல்லாம் டில்லியில். நம் முதலமைச்சரை நாம்தான் தேர்ந்தெடுத்தோமா என்ற கேள்வி ஏற்கெனவே மக்கள் மனத்தில் இருந்தது. அதை உரக்கச் சொல்ல ஒரு குரல் வந்தது. 'ஈநாடு' நாளிதழ் அந்தக் குரலை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கிலோ இரண்டு ரூபாய் அரிசி என்ற வாக்குறுதியும் சேர்ந்துகொண்டது.

எம்.ஜி.ஆர். 1972இல் கட்சி தொடங்கி 1977இல் முதலமைச்சரானார். அதற்கு முன்பே தி.மு.க.வில் நெடுங்காலம் இருந்தவர். ராமாராவுக்கு அப்படி எந்தப் பாசறையும் இல்லை. கட்சி தொடங்கி ஒன்பது மாதம். 1983 ஜனவரியில் 294 இடங்களில் 200க்கும் மேல். கிருஷ்ணர் வேடத்தை மட்டும் காரணம் சொல்வது, ஓட்டுப் போட்டவர்களை முட்டாள்களாக்குவது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பரீட்சையில் நான் நல்ல மதிப்பெண் வாங்கினேன் என்பதுதான் வெட்கம்.

பதவிக்கு வந்தபின் செய்தவற்றில் இரண்டைத்தான் அங்கிள் பெருமையோடு சொன்னார். ஒன்று தண்ணீர். 1983 ஏப்ரலில் ராமாராவும் எம்.ஜி.ஆரும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி கிருஷ்ணா நதி நீர் கால்வாய் வழியாகச் சென்னைக்கு வரவேண்டும். தெலுங்கு கங்கைத் திட்டம். 1996இல் தண்ணீர் பூண்டி ஏரிக்கு வந்தபோது இருவருமே உயிரோடு இல்லை. இன்னொன்று, பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான பங்கு தரும் சட்டத் திருத்தம். ஆந்திராவில் 1980களின் நடுவிலேயே வந்துவிட்டது. தமிழகத்துக்கு 1989இல், இந்தியா முழுமைக்கும் 2005இல்தான். இதைச் சொன்னபோது அடுப்படியிலிருந்து ஆன்டி எட்டிப் பார்த்து, "அதை மட்டும் நல்லா சத்தமா சொல்லுங்க" என்றார்.

குறை இல்லாமல் இல்லை. அரசு ஊழியர் ஓய்வு வயதை 58இலிருந்து 55ஆகக் குறைத்து அவர்களின் பகையைச் சம்பாதித்தார். 1989இல் ஒரே நாளில் அமைச்சரவை முழுவதையும் கலைத்தார். கட்சியில் அவர் சொன்னதே வேதம். அந்த ஆண்டு தேர்தலில் ஆட்சி போனது, கல்வகுர்த்தியில் அவரே தோற்றார். தன்மானம் பேசியவர் தன்னைச் சுற்றி இருந்தவர்களுக்கு அதை எவ்வளவு விட்டுவைத்தார் என்று கேட்டேன். அங்கிள் வடையைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அது நியாயமான கேள்விதான்" என்றார்.

1984தான் அங்கிளுக்குப் பிடித்த அத்தியாயம். அமெரிக்காவில் இதய அறுவைச் சிகிச்சை முடிந்து ராமாராவ் திரும்பிய கையோடு, ஆகஸ்ட் 16 அன்று ஆளுநர் ராம்லால் அவரை நீக்கிவிட்டு அமைச்சர் நாதெண்ட்ல பாஸ்கர ராவை முதலமைச்சராக்கினார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே சட்டமன்ற உறுப்பினர்களைக் கூட்டிக்கொண்டு டில்லிக் குடியரசுத் தலைவர் மாளிகை வரை போய் எண்ணிக் காட்டினார். சரியாக ஒரு மாதத்தில், செப்டம்பர் 16 அன்று, பதவி திரும்ப வந்தது. டிசம்பரில் நாடு முழுவதும் ராஜீவ் அலை வீசியபோது தெலுங்கு தேசம் மக்களவையில் 30 இடங்கள் பிடித்துப் பெரிய எதிர்க்கட்சியானது. பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் அப்போது என்.டி.ஆர். பட வீடியோ நாடாக்களைத் தேடி அலைந்ததாக அங்கிள் சொன்னார்.

1995ஐப் பற்றி அவராகப் பேசவில்லை. நான்தான் கேட்டேன். 1994 டிசம்பரில் பெரும் வெற்றியோடு திரும்பி வந்தவர். மறுமணம் செய்துகொண்டிருந்த லட்சுமி பார்வதியின் தலையீடு கட்சியில் கூடிவிட்டது என்று குடும்பத்துக்குள்ளேயே பிளவு. பெரும்பாலான உறுப்பினர்கள் மருமகன் சந்திரபாபு நாயுடு பக்கம் போய்விட்டார்கள். அவர்கள் தங்கியிருந்த ஓட்டலுக்கு வெளியே, அதே சைதன்ய ரதத்தில் நின்று பேசவந்த ராமாராவ் மீது செருப்பு வீசினார்கள். செப்டம்பர் 1 அன்று மருமகன் முதலமைச்சரானார். 1996 ஜனவரி 18 அன்று ராமாராவ் மாரடைப்பால் இறந்தார்.

"பத்திரிகையில் அந்தச் செருப்புச் செய்தியை நான்தான் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒரு மாதம் என் தங்கை வீட்டுக்காரரிடம் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாவம், அந்த மனுஷன் லோரி ஓட்டுநர். மருமகனாகப் பிறந்ததைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை" என்றார் அங்கிள். ஆன்டி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா 1998இல் தவறினார். காலண்டர் படத்தை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

கிளம்பும்போது, "திருத்தம் சொல்வாயா?" என்று கேட்டார். சொல்கிறேன் என்றேன். "சொன்னால் மட்டும் போதாது. ஒரு நிமிடம் அந்தக் குரலையும் போடேன்."

நிலையத்தில் பொறுப்பாளர் தயங்கினார். தமிழ் நிகழ்ச்சியில் தெலுங்கு வசனமா, யாருக்குப் புரியும் என்றார். எனக்கே புரியவில்லை, ஆனாலும் போடலாம் என்றேன். நாற்பது வினாடி கிடைத்தது. அடுத்த ஞாயிறு, நான் சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டு, கே.வி. சீனிவாசன் பெயரைச் சொல்லி, பிறகு துரியோதனனை ஓடவிட்டேன்.

நாலைந்து அழைப்புகள் வந்தன. அவற்றில் ஒன்று தெலுக் இந்தானிலிருந்து, வயதான அம்மா ஒருவர். எடுத்ததும் மளமளவென்று தெலுங்கில் பேசத் தொடங்கிவிட்டார். இடையில் நிறுத்த மனம் வரவில்லை. அழைப்பு முடிந்ததும் ஒலிப்பதிவை அங்கிளுக்கு அனுப்பி என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"ஒன்றும் பெரிதாக இல்லைம்மா" என்று பதில் வந்தது. "நீ எந்தத் தோட்டத்துப் பிள்ளை என்று கேட்கிறார்."