கோவில்பட்டி: கடலை மிட்டாய் ஊரில் சைவக்காரர்களுக்கு ஒரு புரதக் கணக்கு!

கோவில்பட்டி ஸ்டேஷனில் ரயில் நிற்பது சில நிமிடங்கள்தான். அதற்குள் பாதிப் பெட்டி கீழே இறங்கிவிடும். திரும்பி ஏறும்போது எல்லார் கையிலும் கடலை மிட்டாய் பாக்கெட். நிலக்கடலையும் வெல்லப்பாகும் சேர்ந்து இறுகிய துண்டு, மேலே கலர் கலராகத் தேங்காய்த் துருவல். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய் இது. இந்த ருசிக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்பார்கள் ஊர்க்காரர்கள்.

ஊர் சுற்ற வருகிறவர்கள் செண்பகவல்லி அம்மனைக் கும்பிட்டுவிட்டு, மேற்கே கழுகுமலை வெட்டுவான் கோயிலுக்கும், கிழக்கே பாரதி பிறந்த எட்டயபுரத்துக்கும் போவார்கள். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் போகிற வழியில் பஸ் ஜன்னலுக்கு வெளியே கொஞ்சம் கவனமாகப் பார்க்கலாம். ‘முட்டைகூட சாப்பிட மாட்டீங்களா? அப்புறம் புரோட்டீனுக்கு என்ன பண்ணுவீங்க?’ என்று ஜிம்மிலும் ஆபீஸிலும் கேட்கிறார்களே, அதற்கான பதில் ரோட்டின் இரண்டு பக்கமும் விளைந்து நிற்கிறது.

இது கரிசல் பூமி. கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். மழை பெய்தால் செருப்போடு சேர்ந்து கூடவே வரும். ஆற்றுப் பாசனம் இல்லாத மானாவாரி நிலம் என்பதால், வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் உளுந்தும் பாசிப்பயறும் விதைக்கிறார்கள். கம்பு, சோளம், குதிரைவாலியும் உண்டு. பயறுச் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் தெரியும். அதற்குள் இருக்கும் பாக்டீரியாக்கள் காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன. புரதம் உருவாக அந்த நைட்ரஜன்தான் மூலப்பொருள். மழை குறைந்த மண்ணிலும் பயறுகள் புரதத்தோடு விளைவது இப்படித்தான். 100 கிராம் உளுந்தில் சுமார் 22 கிராம் புரதம். நிலக்கடலையில் 24 கிராமுக்கு மேல். அதே அளவு அரிசியில் ஏழு, எட்டு கிராம்தான்.

சரி, ஒருவருக்கு எவ்வளவு வேண்டும்? ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 46 கிராம், 65 கிலோ ஆணுக்கு 54 கிராம். சோற்றையே பிரதானமாகச் சாப்பிடுகிறவர்கள் கிலோவுக்கு ஒரு கிராம் என்று வைத்துக்கொள்வது நல்லது. தானியப் புரதத்தின் தரம் கொஞ்சம் குறைவு.

‘நாங்கதான் தினமும் சாம்பார் சாப்பிடுறோமே!’ என்பீர்கள். அங்கேதான் கணக்கு இடிக்கிறது.

தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் ஒரு கார்டுக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. எத்தனையோ வீடுகளுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் நாலு பேர் உள்ள வீட்டில் அந்த ஒரு கிலோவை 30 நாளுக்குப் பிரித்தால், தலைக்கு ஒரு நாளைக்கு எட்டு கிராம் பருப்பு. அதில் புரதம் இரண்டு கிராம்கூடத் தேறாது. கடையில் கூடுதலாக வாங்கி 100 கிராம் பருப்பு போட்டு சாம்பார் வைத்தாலும், அதையே மதியத்துக்கும் ராத்திரிக்கும் ஓட்டினால் ஒருவர் தட்டுக்கு ஒரு வேளைக்கு வருவது மூன்று கிராமுக்கும் கீழே.

சாம்பாரில் இன்னொரு சிக்கலும் உண்டு. முதலில் சாப்பிடுகிறவருக்குக் கெட்டியாக விழும். கடைசியாகச் சாப்பிடுகிறவருக்கு, அதாவது பெரும்பாலும் அம்மாவுக்கு, அடியில் கொஞ்சம் மிஞ்சினால் உண்டு. இல்லையென்றால் ரசமும் மோரும்தான். விடிகாலையில் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குத் தூக்குச்சட்டியோடு ஓடும் பெண்களுக்கும், மதுரையிலோ சென்னையிலோ ஐ.டி. வேலை பார்க்கும் பெண்களுக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை.

இந்த இடத்தில்தான் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்து உளுந்தஞ்சோறு கைகொடுக்கிறது. நாலு பேருக்கு 300 கிராம் அரிசி, 150 கிராம் தோல் உளுந்து. உளுந்தை வாசம் வரும்வரை லேசாக வறுத்து, அரிசியோடு கழுவி, முழுப் பூண்டுப் பற்கள், கொஞ்சம் வெந்தயம், உப்பு, தேங்காய்த் துருவல் சேர்த்து ஒரே பானையில் வேகவைப்பார்கள். இப்போது குக்கரில் நாலு விசில். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். தோலோடு போடுவதால் சோறு சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். போட்டோவுக்கு அழகாக வராது. அதனால்தானோ என்னவோ, சமையல் வீடியோக்களில் பிரியாணி அளவுக்கு இது எடுபடவில்லை!

எள்ளுத் துவையலை ருசிக்காக மட்டும் வைத்ததாக நினைக்க வேண்டாம். அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. உளுந்தில் அது தாராளம். உளுந்தில் குறைவான மெத்தியோனின் அரிசியிலும் எள்ளிலும் உண்டு. மூன்றும் வயிற்றில் சேரும்போது ஒன்றின் குறையை இன்னொன்று நிரப்புகிறது. ஒரே வேளையில்தான் சேர வேண்டும் என்றுகூட இல்லை, ஒரே நாளுக்குள் சேர்ந்தால் போதும். கணக்குப் போட்டால் தலைக்கு அரிசியிலும் உளுந்திலும் சுமார் 14 கிராம், துவையலில் 10 கிராம் எள் இருந்தால் அதில் இரண்டு கிராம் என 16 கிராம் வருகிறது. 55 கிலோ பெண்ணின் ஒருநாள் தேவையில் மூன்றில் ஒரு பங்கு, ஒரே வேளையில். அதே அரிசியைச் சோறாக்கி, மேலே சொன்ன சாம்பாரை ஊற்றினால் ஒன்பது கிராமைத் தாண்டுவதே கஷ்டம்.

வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளுக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பதும் இந்தப் பக்கத்து வழக்கம். கருப்பட்டி, நல்லெண்ணெய் சேர்த்து உருட்டி, “ஏட்டி, இடுப்புக்குப் பலம், சாப்பிடு” என்று ஆச்சிகள் விடாமல் ஊட்டிவிடுவார்கள். பதினாறு நாள் ஊட்டியதை வருஷம் முழுக்க யாரும் தொடர்வதில்லை என்பதுதான் வருத்தம்.

மீதி 30 கிராமுக்கு? காலையில் கம்பங்கூழோ கம்பு தோசையோ சாப்பிடலாம். கம்பில் 100 கிராமுக்கு சுமார் 11 கிராம் புரதம், அரிசியைவிட அதிகம். சாயங்காலம் பாசிப்பயறு சுண்டல். அரை லிட்டர் பாலோ தயிரோ அன்றைக்குள் சேர்ந்தால் சுமார் 16 கிராம். பயறு வகைகளில் கிடைக்காத வைட்டமின் பி12-க்காகவும் பால், தயிரை விடக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் பருப்பு, பயறைக் கூட்டக் கூடாது.

கடலை மிட்டாய்க்கு வருவோம். 30 கிராம் துண்டில் 20 கிராம் கடலை இருந்தால் ஐந்து கிராம் புரதம். கூடவே 10 கிராம் வெல்லமும் உள்ளே போகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு பிஸ்கட்டுக்குப் பதிலாகத் தாராளமாகக் கொடுக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு உப்புப் போட்டு அவித்த கடலை இருக்கிறது.

உளுந்தஞ்சோற்றைக் கோவில்பட்டி ஓட்டல் பலகைகளில் தேடினால் கிடைப்பது அபூர்வம். அது வீட்டுச் சாப்பாடு. யாராவது வீட்டில் கூப்பிட்டால் மறுக்காமல் போய் உட்காருங்கள். பருப்பு சோற்றுக்குள்ளேயே கலந்து வெந்திருப்பதால், முதல் பந்தியில் உட்கார்ந்தவர் தட்டில் எவ்வளவு உளுந்து விழுந்ததோ, எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் பானையை வழித்துப் போட்டுக்கொள்ளும் அம்மாவின் தட்டிலும் அவ்வளவு உளுந்து இருக்கும்.