ஓரங்குல வீரர்கள்

வார்ஹாமர் என்னும் மேசைப் போர் விளையாட்டு 1983இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதன் வீரர்கள் ஓரங்குலப் பொம்மைகள். ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர்கள். அவ்வொருமையைக் கலைப்பதே இக்கலையின் இன்பம். வாளேந்திய ஒருவனின் கையை அறுத்து, விளக்கேந்திய வேறொரு கையை ஒட்டினேன், போர்வீரன் ஊர்க்காவலனானான். கறுப்பு அடிவண்ணம் பூசி, மடிப்புகளில் நீர்த்த வண்ணத்தைத் தேங்கவிட்டு, மேடுகளை உலர்தூரிகையால் தொட்டபோது முகம் பிறந்தது. அவன் நிற்கத் தெர்மோகோலைச் சீவிக் குன்றும் சமைத்தேன்.

2015இல் நிறுவனம் அக்கற்பனை உலகைக் கதைக்குள்ளேயே அழித்தது. சதுரப் பீடங்களின் இடத்தை வட்டப் பீடங்கள் கொண்டன. பலர் தம் பழைய படைகளைக் கலைக்கவில்லை. பழைய விதிகளின்படியே ஆடினர். 2024இல், அழிவுக்கு முந்தைய காலத்தைக் களமாகக் கொண்டு, அவ்வுலகு சதுரப் பீடங்களுடன் மீண்டது. காப்பியம் கற்பிக்கும் எனக்கு இதில் வியப்பில்லை. நூலை முடிப்பவன் ஆசிரியன். கதையை முடிக்கும் உரிமை அதைக் கைக்கொண்டவர்களுடையது.