தேரிக்காட்டில் ஒரு பகல்

பாலைவனம் பார்க்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுக் குழந்தைகளின் நெடுநாளைய ஆசை. எங்கள் ஊர் திருநாவலூர். ஊருக்கு அருகே கெடிலம் ஓடுகிறது. ஓடுகிறது என்று சொல்வது ஒரு மரியாதைக்காகத்தான். ஆண்டில் பெரும்பகுதியும் அது வெறும் மணல். அந்த மணலில் விளையாடி வளர்ந்த குழந்தைகள், "இதைவிடப் பெரிய மணலைக் காட்டுங்கள்" என்றால், குடும்பத்தோடு ராஜஸ்தானம் போவது நம் போன்றவர்களால் ஆகிற காரியமா? திருச்செந்தூர் முருகனுக்கு ஒரு பிரார்த்தனை பாக்கி இருந்தது நல்லதாய்ப் போயிற்று. சென்ற ஆனி மாதம் விழுப்புரத்தில் இரவு ரயில் ஏறினோம். ஸ்வாமி தரிசனத்துக்கு ஒரு நாள், தேரிக்காட்டுக்கு ஒரு நாள் என்று ஏற்பாடு.

தேரி என்பது செம்மணல் மேடு. தூத்துக்குடி, திருநெல்வேலி ஜில்லாக்களின் கடலோரத்தை ஒட்டி இத்தகைய மேடுகள் பல உண்டு. அவற்றுள் பெரியவற்றில் ஒன்று குதிரைமொழித் தேரி. இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்கு வாடகை மோட்டாரில் புறப்பட்டோம். காயாமொழிப் பக்கம் போனதும் பூமி குங்குமத்தைக் கொட்டியதுபோலச் சிவந்துவிட்டது. வண்டியை நிறுத்தச் சொல்லிக் குழந்தைகள் செய்த ஆரவாரத்தில் டிரைவரே சிரித்துவிட்டார்.

செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு மேட்டில் ஏறினோம். மணல் மாவுபோல் மென்மையாக இருந்தது. திரும்பிப் பார்த்தால், நாங்கள் பதித்து வந்த அடிச்சுவடுகளைக் காற்று கண்ணெதிரே அழித்துக்கொண்டிருந்தது. இந்தக் காற்றுத்தான் தேரியின் சிருஷ்டிகர்த்தா. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைக்கு அப்பாலேயே கொட்டித் தீர்த்துவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வெறுங்கையோடு இந்தச் சமவெளியில் இறங்குகிறது. மலையடிவாரத்துச் செம்மண்ணை அது பல்லாயிரம் ஆண்டுகளாக வாரிவந்து குவித்ததே தேரி என்று பூமி சாஸ்திரிகள் பலர் கருதுகிறார்கள்; பழைய கடற்கரை மணலும் இதில் உண்டு என்பாரும் இருக்கிறார்கள். மணலின் மேல் பூசிக்கொண்டிருக்கும் இரும்புத் துருவே நிறத்துக்குக் காரணம். இங்கெல்லாம் கிடைத்த சின்னஞ்சிறு கல் ஆயுதங்களைப் பற்றி ஸாய்னர், ஆல்சின் என்ற இரு அறிஞர்கள் 1956-ல் விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஆகவே இது ஆளரவமற்ற காடாக என்றுமே இருந்ததில்லை.

பாலைவனத்துச் செடி என்றதும் குழந்தைகள் தேடியது சப்பாத்திக் கள்ளியை. அது நம் நாட்டுச் சரக்கே அன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. சிவப்புச் சாயம் தரும் பூச்சியை இதில் வளர்த்து லாபம் பார்க்கலாம் என்று கும்பெனியார் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆசைப்பட்டார்கள். 1795-ல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த பூச்சியோ மட்டரக ஜாதி. நல்ல சாயம் கிடைக்கவில்லை. அது கள்ளியைத் தின்று தீர்த்ததுதான் மிச்சம்!

தேரியின் சொந்தப் பிள்ளை உடைமரம். விரித்த குடைபோலத் தலை தட்டையாயிருக்கும். தென்னிந்தியாவையும் இலங்கையையும் தவிர வேறெங்கும் இது இயற்கையாக வளர்வதில்லை. வெள்ளை வெளேரென்ற முள். நீர் அதிகம் செலவாகாதபடி பொடிப்பொடியான இலை. அதன் நிழலில் ஓர் ஓணான் எங்களைக் கண்டதும் கழுத்துக்குக் கீழே நீல நிற விசிறியொன்றை விரித்து மடக்கியது. பெண் ஓணானுக்காகச் செய்யும் வித்தையாம். எங்களுக்கு இலவசமாகக் கிடைத்தது. இந்த இனத்தில் தமிழ்நாட்டு வகை ஒன்றுக்கு 2016-ல் விஞ்ஞானிகள் 'விசிறி' என்ற தமிழ்ச் சொல்லையே பெயராகச் சூட்டினார்கள். நம் பாட்டிமார் கையிலிருந்த பனையோலை விசிறி சாஸ்திரப் புத்தகத்தில் ஏறிவிட்டது!

பனையடியில் ஒரு பெரியவர் பட்டையில் பதநீர் ஊற்றித் தந்தார். "இவ்வளவு காய்ந்த மணலில் இவ்வளவு இனிப்பா?" என்று கேட்டோம்.

"மேலதான் அய்யா காய்ஞ்சு கெடக்கு. பெய்த மழையெல்லாம் தேரி குடிச்சு அடியில வச்சிருக்கு. பனைக்கு அது தெரியும், நமக்குத்தான் தெரியாது" என்றார்.

அவர் சொன்னது வெறும் வார்த்தை அன்று. ஜெய்சால்மரில் பெய்வதைவிட இங்கே மழை இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் மணல் அதை மேலே நிற்கவிடுவதில்லை. வடிகட்டிக் கீழே சேமிக்கிறது. மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோவிலுக்குப் போனோம். சுற்றிலும் செம்மணல், நடுவே சுனை! முதல்நாள் திருச்செந்தூரில் கடலுக்கு எட்டும் தூரத்தில் நாழிக்கிணற்றின் நல்ல தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டது நினைவுக்கு வந்தது.

இந்த மணலுக்கும் விலை உண்டு. இதில் டைட்டேனியம் தரும் தாதுக்கள் கலந்திருக்கின்றன. 2007-ஆம் ஆண்டில் சாத்தான்குளம் வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கர் தேரி நிலத்தை வாங்கித் தாதுவைப் பிரித்தெடுக்கப் பெரிய திட்டம் போட்டார்கள். கிராமத்தார் எதிர்த்தார்கள், திட்டம் நின்றது. தரிசுதானே என்று காகிதத்தில் எழுதுகிறவர்கள் அந்தப் பெரியவரிடம் ஒரு பட்டை பதநீர் குடித்துவிட்டு எழுதலாம் என்று எங்களுக்குத் தோன்றிற்று.

மாலையில் திருநெல்வேலி போகும் வழியில் வல்லநாட்டில் இறங்கினோம். தென்கோடியில் வெளிமான்கள் இயற்கையாக வாழும் இடம் இது, 1987-ல் சரணாலயமாயிற்று. பரப்பு 16 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். உடைமரப் புதர்களையே ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்தோம். மயில்தான் வந்தது. "ரயிலுக்கு நேரமாச்சு" என்று டிரைவர் நாலாம் தடவையாகச் சொன்னபோது, கரிய முதுகும் முறுக்கிய கொம்புமாக ஒரு கலைமான் புதருக்கு அப்பால் தலை நிமிர்த்தி நின்றது. கடைக்குட்டி அப்போது காரில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்புவதற்குள் மான் போய்விட்டது. ஊர் வந்து சேர்ந்த பிறகும் அவன் எங்களோடு சரியாகப் பேசவில்லை.