மாடியில் சேர்த்த வெளிச்சம்

பிறருக்குப் புத்தி சொல்வது சுலபமான காரியம் என்று நீங்கள் நினைத்துக் கொண்டிருந்தால், என்னைப்போல் ஒரு தடவை கும்மிடிப்பூண்டிக்குப் போய் வாருங்கள். அப்புறம் பேசலாம்.

தை அமாவாசையன்று அம்மாவைத் திருவள்ளூருக்கு அழைத்துச் சென்றிருந்தேன். வீரராகவப் பெருமாள் கோயில் குளக்கரையில் அன்றைக்குக் கூடும் ஜனத்தைப் பற்றி, போனவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முன்னோர்களுக்கு எள்ளும் நீரும் இறைப்பவர்கள் ஒரு பக்கம். பிணி தீர வேண்டிக்கொண்டு குளத்தில் வெல்லம் கரைப்பவர்கள் இன்னொரு பக்கம். அம்மாவும் ஒரு வெல்லக் கட்டியைக் கரைத்தாள்.

"முழங்கால் வலிக்காகவா, அம்மா?" என்று கேட்டேன்.

"முழங்கால் கிடக்கிறது. உன் தம்பிக்குப் பிடித்திருக்கும் பைத்தியம் கரையட்டும்!" என்றாள்.

அந்தப் பைத்தியத்தை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் என் தம்பிக்கு வேலை. கல்யாணமாகி மூன்று வருஷம். தீபாவளி போனஸில் மனைவிக்குத் தையல் மெஷின் வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தான். போனஸ் வந்தது, மெஷின் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சிறிய டெலஸ்கோப்பும், அதைச் சுழற்றும் மோட்டார் பொருத்திய முக்காலியும் வீடு வந்து சேர்ந்தன. காமிரா முன்பே இருந்தது. ராத்திரி ஷிப்ட் இல்லாத நாட்களில் ஐயா மொட்டை மாடியில்! அந்தப் பெண் அம்மாவுக்குப் போன் செய்து அழுதுவிட்டாள்.

"நீ காலேஜில் படித்தவள், பத்திரிகையில் எழுதுகிறவள். போய் நாலு வார்த்தை சொல்லிவிட்டு வா" என்று எனக்கு உத்தரவாயிற்று. அம்மா ரயிலேறி வீட்டுக்குத் திரும்பினாள். நான் பெரியபாளையம் வழியாக பஸ் பிடித்தேன்.

நான் போனபோது தம்பி வேலையிலிருந்து வரவில்லை. அவன் மனைவி காப்பி கொடுத்தாள். தையல் மெஷினைப் பற்றி ஆரம்பித்து ஆறுதல் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

"மெஷின் இன்னிக்கு இல்லேன்னா நாளைக்கு வரும், அண்ணி" என்றாள் அவள். "அவர் ராத்திரி வேலைக்குப் போனாலும் நான் தனி, போகாத ராத்திரியும் நான் தனி. இதை யார்கிட்டச் சொல்றது?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அம்மா சொல்லி அனுப்பிய நாலு வார்த்தைகளில் இதற்குப் பொருந்துவது ஒன்றுகூட இல்லை.

ஏழு மணிக்கு மாடி ஏறினேன். தம்பி முக்காலியின் முன் மண்டியிட்டு, வடக்கே அடிவானத்துக்குச் சற்று மேலே துருவ நட்சத்திரத்தைத் தேடிக்கொண்டிருந்தான். நம் ஊரில் அது அவ்வளவு தாழ்ந்துதான் தெரியும். முக்காலியின் அச்சு துருவத்தை நோக்கி இருக்க வேண்டுமாம். பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் நகர்கின்றன அல்லவா? மோட்டார் அதே வேகத்தில் டெலஸ்கோப்பைத் திருப்பிக்கொண்டே போனால்தான் படத்தில் நட்சத்திரம் புள்ளியாக விழும். இல்லாவிட்டால் கோடு கோடாக இழுத்துவிடும்.

"அக்கா, நடக்காதே! மாடி அதிர்கிறது" என்று அதட்டினான்.

புத்தி சொல்ல வந்தவள் ஒரு மூலையில் அசையாமல் உட்கார்ந்தேன்.

"அப்படி என்னடா இருக்கிறது அங்கே?"

மேற்கே பூரட்டாதி, உத்திரட்டாதி நட்சத்திரங்கள் நான்கும் கட்டிலின் கால்களைப்போல் நிற்பதைக் காட்டினான். அங்கிருந்து வடக்காகச் சற்று நகர்ந்து ஓர் இடத்தில் விரலை நிறுத்தினான். "அதோ, ஆன்ட்ரோமீடா. சுருள் வடிவமான நட்சத்திர மண்டலம். நம்முடைய பால்வீதிக்குப் பக்கத்து வீட்டுக்காரி."

நானும் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். ஆலை விளக்குகளின் வெளிச்சம் புகையில் பட்டு, வானம் செம்பு அண்டாவைக் கவிழ்த்தாற்போல் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி தென்படவில்லை. இருட்டான கிராமத்தில் வெறுங்கண்ணுக்கே மங்கலான திட்டாகத் தெரியுமாம். அந்த இருட்டைத் தேடித்தான் வானியல் அறிஞர் வைணு பாப்பு 1960-களில் ஜவ்வாது மலைக் காட்டில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 2.3 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியுடன் பெரிய டெலஸ்கோப் அங்கே 1986-இல் இயங்கத் தொடங்கியது.

"நீயும் அங்கே எங்காவது போயேன். இந்த வெளிச்சக் காட்டில் என்ன கிடைக்கும்?"

"இந்த வெளிச்சம்தானே அக்கா எனக்குச் சோறு போடுகிறது?" என்றான். "இதை வைத்துக்கொண்டே முடியுமா என்று பார்க்கிறேன். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அது சாயங்காலமே உச்சிக்கு வந்துவிடும். ஆனால் அப்போது நமக்கு மழை. மூன்று மாதம் மேகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இனி வரும் அமாவாசைகளில் இருட்டுவதற்குள் அது கீழே இறங்கிவிடும். இன்றைக்கு விட்டால் அடுத்த வருஷம்தான்."

காமிரா 'க்ளிக்' என்றது. ஒரு நிமிஷம் கண்ணைத் திறந்து வைத்திருந்து மூடிக்கொண்டது. சின்னத் திரையில் பார்த்தேன். பழுப்பு நிறத்தின் நடுவே, கண்ணாடியில் விரல் பட்ட தழும்பு மாதிரி ஒன்று இருந்தது.

"இதற்காகவா போனஸ்?" என்று கேட்டே விட்டேன்.

"இது ஒன்றுதானே ஆயிற்று. இப்படி எழுபது எடுக்க வேண்டும்."

அவன் சொன்ன கணக்கை நம் சமையலறைப் பாஷையில் சொல்கிறேன். தினம் பாலைக் காய்ச்சி, மேலே படியும் ஆடையை ஒரு கரண்டி எடுத்துச் சேர்த்து வைக்கிறோம். ஒரு நாள் ஆடையில் வெண்ணெய் தெரிகிறதா? பத்து நாள் சேர்த்துக் கடைந்தால் திரள்கிறது. அப்படித்தான் இதுவும். நம் கண் வெளிச்சத்தைச் சேர்த்து வைப்பதில்லை. காமிரா சேர்த்து வைக்கும். ஒவ்வொரு படத்திலும் தாறுமாறான புள்ளிகளும் விழும். அவை படத்துக்குப் படம் இடம் மாறும். மண்டலத்தின் வெளிச்சம் மட்டும் அதே இடத்தில் விழும். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கடைந்தால், புள்ளிகள் அடங்கி உருவம் மேலே வரும்.

இந்தச் சமயத்தில் அடுத்த வீட்டு மாடியில் பளீரென்று ஒரு விளக்கு எரிந்தது. தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். திருட்டுப் பயத்துக்காக அவர்கள் தினமும் போடும் விளக்கு. ஒரு தடவை இவன் அணைக்கச் சொல்லிக் கேட்டு, அது சண்டையில் முடிந்ததாம்.

படியருகில் காப்பி டம்ளர்களுடன் அவன் மனைவி நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ! டம்ளர்களை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனாள். இரண்டு நிமிஷத்தில் அந்த விளக்கு அணைந்தது. திரும்பி வந்தவளோடு அடுத்த வீட்டு மாமியும் பேரனும் வந்திருந்தார்கள்.

"எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றாள் புருஷனைப் பார்த்து. அதில் விளக்கைப் பற்றிய சமாசாரம் மட்டும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

தம்பிக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒளி ஒரு வினாடியில் சுமார் மூன்று லட்சம் கிலோமீட்டர் போகும். அந்த வேகத்தில் அங்கிருந்து இங்கே வர 25 லட்சம் வருஷம் ஆகும் என்றான்.

"அவ்வளவு தூரம்னு யார் அளந்தாங்க? நாடா பிடிச்சா?" என்றாள் மனைவி.

நல்ல கேள்வி! அளக்க வழி சொன்னவள் ஒரு பெண். ஹென்ரியெட்டா லீவிட் என்று பெயர், காது மந்தம். அமெரிக்காவில் ஹார்வர்ட் வானிலையத்தில் மணிக்கூலிக்கு, கண்ணாடித் தகடுகளில் எடுத்த நட்சத்திரப் படங்களைப் பரிசோதிக்கும் வேலை. சில நட்சத்திரங்கள் கிரமமாக மங்கிப் பிரகாசிக்கும். அந்தக் காலம் நீள நீள, அதன் உண்மையான பிரகாசமும் அதிகம் என்பதை 1912-இல் அவர் வெளியிட்டார். உண்மைப் பிரகாசம் தெரிந்தால், நமக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடலாம். 1923-இல் எட்வின் ஹபிள் ஆன்ட்ரோமீடாவின் படத்தில் அப்படி ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அது நம் பால்வீதிக்கு வெகு அப்பால் இருக்கும் தனி மண்டலம் என்று அந்தக் கணக்கால்தான் தெரிந்தது. அதைக் கேட்க லீவிட் இல்லை, 1921-இலேயே இறந்துவிட்டார்.

25 லட்சம் என்றதும் எனக்குக் காலையில் பார்த்த குளக்கரை ஞாபகம் வந்தது. இதே திருவள்ளூர் மாவட்டத்தில், கொசஸ்தலையாற்றுப் பக்கம், அத்திரம்பாக்கம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே கிடைத்த கற்கோடரிகள் சுமார் 15 லட்சம் வருஷத்துக்கு முந்தியவை என்று 2011-இல் ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள். யாரோ ஒருவர் அந்த ஆற்றங்கரையில் உட்கார்ந்து அந்தக் கல்லைக் கொத்திக்கொண்டிருந்தபோது, இந்த வெளிச்சம் புறப்பட்டுப் பத்து லட்சம் வருஷம் ஆகியிருந்தது. இன்னும் பதினைந்து லட்சம் வருஷப் பயணம் பாக்கி. எள்ளும் நீரும் பெற்றுக்கொள்ள நமக்கு எத்தனை முன்னோர்கள்! அவ்வளவு தூரம் வந்த வெளிச்சம், கடைசியில் ஒரு மாடி விளக்கில் காணாமல் போய்விடப் பார்த்ததே!

எட்டே முக்காலுக்கு எழுபதாவது படம் முடிந்தது. லாரி போன அதிர்ச்சியிலும் மேகத்திலும் ஒன்பது படம் வீண். கீழே கம்ப்யூட்டர் முன்னால் ஐந்து பேரும் குழுமினோம். பழுப்பு நிறம் மெல்ல விலகியது. நடுவில் ஒளி உருண்டை; அதைச் சுற்றிக் கரிய தூசிக் கோடு ஒன்று; அதற்கும் வெளியே, சந்தேகமாக வளைந்து செல்லும் ஒரு கை.

"சாய்ச்சுப் பிடிச்ச தாம்பாளம் மாதிரி இருக்கு" என்றாள் தம்பி மனைவி. அவள் சொன்னதுதான் சரி. அது நமக்குச் சாய்வாகவே தெரிகிறது. நேராகப் பார்க்க முடிந்தால் சுழிக் கோலமாக இருக்கும்.

அந்தச் சுருளை முதன்முதலில் படத்தில் தெளிவாகக் காட்டியவரும் தம்பியைப்போல் ஓர் அமெச்சூர்தான். ஐசக் ராபர்ட்ஸ் என்று லிவர்பூலில் கட்டடத் தொழில் செய்தவர். 1888 டிசம்பரில் மணிக்கணக்காகத் தகட்டைத் திறந்து வைத்து எடுத்தார். "அவர் வீட்டில் என்ன சொன்னார்களாம்?" என்று நான் கேட்டதற்குத் தம்பி விழித்தான். ஆபீஸுக்குத் திரும்பியதும் நானே தேடிப் பார்த்தேன். அவர் 1901-இல் டாரத்தியா கிளம்ப்கே என்ற அம்மையாரை மணந்துகொண்டார். பாரிஸ் வானிலையத்தில் வேலை பார்த்த வானியல் அறிஞர் அவர். மூன்றே வருஷத்தில் ராபர்ட்ஸ் காலமானார். அவர் விட்டுப்போன படங்களை இந்த அம்மையார் பாதுகாத்து, ஒழுங்குபடுத்தி, 1929-இல் புத்தகமாகக் கொண்டுவந்தார்.

காலையில் புறப்படும்போது, நான் வந்த வேலையையும் செய்தேன். தம்பியிடம், "இனிமேல் தனியாக மாடி ஏறாதே" என்றேன். நாலு வார்த்தைதான், எண்ணிப் பாருங்கள்.

"வெல்லம் கரைந்ததா?" என்று வாசலிலேயே கேட்டாள் அம்மா.

"கரைந்தது. ஆனால் பைத்தியம் இரண்டு பேருக்கு ஆகிவிட்டது" என்றேன்.

மாசி பிறந்து தையல் மெஷினும் வந்தது, தவணை முறையில். அதில் அந்தப் பெண் முதல் முதலாக என்ன தைத்தாள் என்று நினைக்கிறீர்கள்? பக்கத்து வெளிச்சம் படாதபடி டெலஸ்கோப்பின் வாயில் மாட்ட, கறுப்புத் துணியில் ஓர் உறை!