கனெக்டிகட் கரையில் ஒரு மூச்சுக் கணக்கு

பாஸ்டனிலிருந்து ஹானோவருக்குப் பேருந்தில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். நியூ ஹாம்ப்ஷயர் எல்லையைத் தாண்டியதும் நெடுஞ்சாலைப் பலகையில் ‘சேலம்’ என்று ஓர் ஊர் வந்து போனது. ராசிபுரத்துக்காரனுக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? அதன்பிறகு ஊர்கள் குறைந்து காடுகள் பெருத்தன. அக்டோபர் மாதம். மலை மலையாக மேப்பிள் மரங்கள் சிவந்து நின்றன. சேர்வராயனையும் கொல்லிமலையையும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, மலை இப்படியும் நிறம் மாறுமா என்று நம்ப முடியவில்லை.

ஹானோவர் சின்ன ஊர். 1769இல் தொடங்கிய டார்ட்மத் கல்லூரிதான் ஊரே. ஜார்ஜியாவில் தொடங்கி மெய்ன் வரை சுமார் 3,500 கிலோமீட்டர் நீளும் அப்பலாச்சியன் நடைபாதை இந்த ஊர்க் கடைத்தெரு வழியாகவே போகிறது. மேற்கே கனெக்டிகட் ஆறு. பாலத்தைக் கடந்தால் வெர்மான்ட் மாநிலம். 1896 குளிர்காலத்தில், உறைந்து கிடந்த இந்த ஆற்றில் சறுக்கி விளையாடிய 14 வயதுப் பையன் ஒருவன் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான். பிப்ரவரி 3ஆம் தேதி கல்லூரியின் இயற்பியல் கூடத்தில் அவன் கையை எக்ஸ்ரே எடுத்தார்கள். ராண்ட்கன் அந்தக் கதிரைக் கண்டுபிடித்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அமெரிக்காவில் சிகிச்சைக்காக எடுத்த முதல் எக்ஸ்ரே படங்களில் அதுவும் ஒன்று.

இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே வந்த அக்கா மகள், “உள்ளே இருக்கிறதைப் பார்க்கிறது அன்னிக்கே ஆரம்பிச்சாச்சுங்க மாமா. இப்ப இங்க புற்றுக்கட்டிக்குள்ள எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்குன்னே அளக்கறாங்க. அதைச் செய்யறவர் பேரைக் கேளுங்க, பெரியண்ணன் குப்புசாமி!” என்றாள். நடந்துகொண்டிருந்தவன் நின்றுவிட்டேன்.

எங்கள் பக்கம் கதிர்வீச்சு சிகிச்சையைக் ‘கரண்ட் வைக்கிறது’ என்பார்கள். உறவில் இருவருக்கு வாய்ப்புற்று. இருவருக்கும் கரண்ட் வைத்தார்கள். ஒருவருக்குக் கட்டி கரைந்தது; மற்றவருக்குக் கரையவில்லை. தலையெழுத்து என்று சொல்லி முடித்துவிட்டோம். தலையெழுத்தில் ஒரு பகுதியையாவது எண்ணாகப் படிக்கலாம் என்பதை அந்த ஆற்றங்கரையில்தான் தெரிந்துகொண்டேன்.

ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரியும் ராஜா வாய்க்காலைப் பார்த்தவர்களுக்கு, ஒருவருக்குக் கரைந்த கட்டி மற்றவருக்கு ஏன் கரையவில்லை என்பது எளிதில் விளங்கும். தலைமடை வயல் நிறையும், கடைமடை காயும். புற்றுக்கட்டி அவசரமாக வளர்கிறது. அந்த வேகத்துக்கு ரத்தக் குழாய்கள் ஈடுகொடுப்பதில்லை. குழாயிலிருந்து 0.15 முதல் 0.2 மில்லிமீட்டர் தள்ளிப்போனாலே ஆக்ஸிஜன் தீர்ந்துவிடுகிறது. 1955இல் தாம்லின்சன், கிரே என்ற ஆய்வாளர்கள் நுரையீரல் புற்றுத் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து இதை எழுதினார்கள். அந்தத் தொலைவுக்கு அப்பால் இருப்பவை செத்த செல்கள். அதற்குச் சற்று முன்னால், மூச்சுத் திணறியபடி உயிரோடிருக்கும் செல்கள்தான் ஆபத்தானவை. கதிர்வீச்சு டி.என்.ஏ.வில் உண்டாக்கும் சேதத்தை நிலைக்கவைப்பது ஆக்ஸிஜன். அது இல்லாத செல்லைக் கொல்ல இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் தேவைப்படும்.

ரத்த அழுத்தத்தைப் போலவே ஆக்ஸிஜன் அளவையும் பாதரச மில்லிமீட்டரில்தான் சொல்கிறார்கள். நாம் இழுக்கும் காற்றில் ஆக்ஸிஜனின் அழுத்தம் சுமார் 160. தமனி ரத்தத்தில் 100 அளவில். பல கட்டிகளுக்குள் 10க்கும் கீழே. 1990களில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஹோக்கல், வாபெல் என்ற ஆய்வாளர்கள் கருப்பைவாய்ப் புற்றுக்குள் ஊசி மின்முனையைச் செலுத்தி அளந்தார்கள். அந்த அளவு 10க்குக் கீழே இருந்த பெண்கள் பிழைத்திருக்கும் வாய்ப்பு குறைவாக இருந்தது.

ஆனால் ஒவ்வொரு முறையும் ஊசி குத்திக்கொண்டிருக்க முடியாது. டார்ட்மத்தில் ஹெரால்ட் சுவார்ட்ஸ் என்ற ஆய்வாளர் கரித்துகள் கலந்த ‘இந்தியா இங்க்’ மையைத் தோலடியில் பச்சை குத்துவதுபோல ஏற்றி ஆக்ஸிஜனை அளந்து பார்த்தவர். குப்புசாமியின் குழு செய்தது ஆக்ஸிசிப் என்ற சில்லு. நீளம் 5 மில்லிமீட்டர், தடிமன் 0.6 மில்லிமீட்டர். சிலிகான் ரப்பருக்குள் லித்தியம் கலந்த ஒரு சேர்மத்தின் படிகங்கள். அந்தப் படிகங்களில் இணை சேராத எலக்ட்ரான்கள் உண்டு. ஆக்ஸிஜன் மூலக்கூறிலும் உண்டு. இரண்டும் மோதும்போது படிகத்தின் சமிக்ஞை அகலும். சில்லை ஒரே ஒரு முறை ஊசி வழியாகக் கட்டிக்குள் வைத்துவிட்டால் போதும். நோயாளி காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே இருக்க, தோல்மேல் ஒரு கம்பி வளையத்தை வைத்து ரேடியோ அலை அனுப்புவார்கள். திரும்பி வரும் சமிக்ஞைக் கோடு எவ்வளவு அகலமோ, அங்கே அவ்வளவு ஆக்ஸிஜன். எம்.ஆர்.ஐ. காந்தத்தின் வலிமையில் முப்பதில் ஒரு பங்குகூட இதற்கு வேண்டாம். முகமூடி வழியே தூய ஆக்ஸிஜனைச் சுவாசிக்க வைத்து, கட்டிக்குள் அளவு ஏறுகிறதா என்றும் அப்போதே பார்க்கலாம். தோலிலிருந்து சுமார் ஒரு சென்டிமீட்டர் ஆழம் வரைதான் எட்டும் என்பது இதன் குறை.

இணை சேராத எலக்ட்ரான்களைக் கொண்டு அளக்கும் இந்த முறைக்கு எலக்ட்ரான் ஒத்ததிர்வு என்று பெயர். குப்புசாமி ஐஐடி மெட்ராஸில் வேதியியலாளர் பி.டி. மனோகரனோடு இந்த ஆய்வைச் செய்தவர். வேதியியல் மேசையில் தொடங்கிய வித்தை மனிதர்களின் கட்டிவரை வந்திருக்கிறது என்பதே எனக்கு அந்தச் சிவந்த மலைகளைவிடப் பெரிய காட்சி.

நம் ஆஸ்பத்திரிகளில் இந்த அளவீடு இன்னும் வழக்கத்தில் இல்லை. அளந்தால் மட்டும் நோய் தீராது என்பதும் உண்மை. ஆனால் அளவு தெரிந்தால் வழி தேடலாம். ஆக்ஸிஜன் குறைந்த செல்களையும் கதிருக்கு இணங்கவைக்கும் நிமோரசோல் மாத்திரையைத் தலை, கழுத்துப் புற்றுக்கு டென்மார்க்கில் கதிர்வீச்சோடு சேர்த்தே கொடுக்கிறார்கள்.

அந்த அளவீடு நம் ஊருக்கு வரும்வரை நம் கையில் ஒன்று இருக்கிறது. பீடி, சிகரெட் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்ஸிஜனுக்கான இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. சிகிச்சைக் காலத்திலும் புகைப்பவர்களுக்குக் கதிர்வீச்சின் பலன் குறைகிறது. ரத்தசோகையிலும் ரத்தம் சுமக்கும் ஆக்ஸிஜன் குறையும்; அது இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சத்து ஊசியை நீங்களாகப் போட்டுக்கொள்ளாதீர்கள். கரண்ட் வைக்கப் போகிறவர் உங்கள் வீட்டில் இருந்தால், முதல் நாளே அவர் கையிலிருந்து பீடிக்கட்டை வாங்கி எறிந்துவிடுங்கள்.