அரவாவில் ஒரு ராஜபாளையத்துத் தம்பி
ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கிக்கொண்டு ராஜபாளையம் போகும் வழியில் வண்டியை ஓரங்கட்டினார் அந்தத் தம்பி. வாய்க்கால் பாய்ந்துகொண்டிருந்த ஒரு தென்னந்தோப்பைக் காட்டி, “அரவாவில் இப்படி விட்டால் அடிக்க வந்துருவாங்க சார்” என்றார்.

வேளாண்மை படித்தவர். இஸ்ரேலின் அரவா பாலைவனத்தில் 10 மாதம் பயிற்சியில் இருந்தவர். அங்கே வருட மழை சுமார் 30 மி.மீ.தான். வாரமெல்லாம் குடைமிளகாய் பறிப்பு. நேபாளப் பையன்களோடு கூட்டுச் சமையல். சனிக்கிழமை ஓய்வு நாள், பஸ் ஓடாது. ஒருமுறை சாக்கடலில் மிதந்திருக்கிறார்.

“வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரே அடங்கிரும். அப்போதான் அம்மா நினைப்பு வரும் சார்.”

விற்க இருந்த மாந்தோப்பை அப்பாவிடம் கேட்டு வாங்கி, சொட்டுநீர் போட்டிருக்கிறார். சிறு, குறு விவசாயிகளுக்கு இதற்கு 100 சதவிகித மானியம் உண்டு. வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள். நமக்கு மழை அங்கேவிடப் பல மடங்கு, கிணறுதான் வற்றுகிறது.